பூம் மைக் பிடிக்க ஆள் இல்லையா? வீட்டிலேயே ஸ்டாண்ட் செய்யலாம், ஆனா தண்ணீர்ப் போத்தலை மறக்காதீங்க

படம் பளிச்சென்று இருக்கும். நடிப்பும் பரவாயில்லை. ஆனால் வசனம் மட்டும் குளியலறைக்குள் இருந்து யாரோ பேசுவது மாதிரி கேட்கும். இளையர்கள் எடுக்கும் குறும்படங்களில் அடிக்கடி பார்க்கிற, இல்லை, கேட்கிற பிரச்சினை இது.

மைக் மட்டமானது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் மைக் நன்றாகத்தான் இருக்கும். அது தூரத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

மூன்று பேர் சேர்ந்து படம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கேமரா. ஒருவர் நடிப்பு. இன்னொருவர் இயக்கம், விளக்கு, சாப்பாடு வாங்கி வருவது எல்லாம். பூம் மைக்கைப் பிடிக்க நாலாவது ஆள் இல்லை. அதனால் மைக் கேமராவின் தலையிலேயே உட்கார்ந்துவிடுகிறது.

அந்த நாலாவது ஆளின் வேலையில் ஒரு பகுதியை ஒரு ஸ்டாண்ட் செய்துவிடும். கடையில் வாங்கலாம். வீட்டிலும் செய்யலாம். செய்வது சுலபம். விழாமல் நிற்க வைப்பதுதான் விஷயம். ஏன்னா, அது நிற்கப் போவது ஒருத்தர் தலைக்கு மேல.

கிட்ட வந்தா என்ன ஆகும்?

பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால், நேரடியாக வரும் குரலின் அளவு ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். கேமரா 2 மீட்டர் தள்ளி இருக்கிறது. பூம் மைக்கை வாய்க்கு அரை மீட்டர் பக்கத்தில் கொண்டுவர முடிகிறது. அப்படியென்றால் 12 டெசிபல் லாபம்.

சத்தம் குறைந்தால் எடிட்டிங்கில் கூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். கூட்டலாம். ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, அறையில் எங்கே மைக்கை வைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருக்கும். தூரத்தில் பதிவான குரலைக் கூட்டும்போது அந்த எதிரொலியும் சேர்ந்தே கூடும். கான்கிரீட் சுவர், ஓடு பதித்த தரை, பெரிதாகத் திரைச்சீலையோ கம்பளமோ இல்லாத வீவக வீட்டு வரவேற்பறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். புரிந்துவிடும்.

கிளிப் மைக் போட்டா போச்சே? நேர்காணலுக்குச் சரி. கதைப் படத்தில் அதை ஆடைக்குள் மறைக்க வேண்டும். பட்டுச் சேலையின் சரசரப்பு, சங்கிலி உரசுவது, துப்பட்டாவைச் சரிசெய்வது எல்லாமே வசனத்தோடு சேர்ந்து பதிவாகும். தலைக்கு மேல் இருந்து கேட்கும் மைக்குக்கு அந்தத் தொல்லை கிடையாது.

கையில் கிடைத்ததை வைத்து மைக்கைத் தொங்கவிடுவது புதிய யோசனையும் இல்லை. 1929இல் வெளிவந்த 'தி வைல்டு பார்ட்டி' படத்தில், கிளாரா பாவ் தடையில்லாமல் நடமாடிப் பேசுவதற்காக, இயக்குநர் டோரத்தி ஆர்ஸ்னர் மைக்கைத் தூண்டில் கம்பில் கட்டச் சொன்னார் என்று திரைப்பட வரலாற்றில் அடிக்கடி சொல்வார்கள். ஹாலிவுட் ஸ்டூடியோவே தூண்டிலில்தான் தொடங்கியது என்றால், நாம் பிவிசி குழாய்க்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

என்னென்ன வேணும்?

விளக்குகளை மாட்டும் சாதாரண லைட் ஸ்டாண்ட் ஒன்று. இதை மட்டும் வீட்டில் செய்ய முயலாதீர்கள். முழுக்கப் பிவிசி குழாயிலேயே ஸ்டாண்ட் செய்பவர்கள் இருக்கிறார்கள். 2 மீட்டர் உயரத்தில் அது நாணல் மாதிரி ஆடும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவராக இருந்தால் ஸ்டாண்டை இரவல் வாங்குவதே நல்லது.

பூம் கம்பு இல்லையென்றால், பெயிண்ட் ரோலரை மாட்டும் நீட்டுக்கம்பு போதும். ஆனால் அதன் முனை, மைக் ஷாக் மவுன்ட்டின் மரைக்குப் பொருந்தாது. ஷாக் மவுன்ட்டுகளில் வழக்கமாக இருப்பது 3/8 அங்குல மரை. அதற்கேற்ற போல்ட் ஒன்றைக் கம்பின் முனையில் இறுக்கமாகப் பொருத்த வேண்டும். வெறும் டேப் சுற்றி மைக்கை ஒட்டுவது வேண்டாம். நம்ம ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும்.

மற்றவை எல்லாம் அக்கம்பக்க வன்பொருள் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும்: டி வடிவப் பிவிசி இணைப்பு ஒன்று, ஒரு போல்ட்டும் நட்டும், வெல்க்ரோ பட்டை, கொஞ்சம் கயிறு, உப்புத்தாள். பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு கிடைத்தால் ரொம்ப நல்லது. கடைக்குப் போகும்போது கம்பையும் கையோடு எடுத்துப் போங்கள். அளவை வாயால் சொல்லிப் புரியவைப்பது சிரமம்.

தொட்டில் செய்வது எப்படி?

கம்பு படுத்திருக்கும் இடத்தைத் தொட்டில் என்று வைத்துக்கொள்வோம்.

டி இணைப்பைத் தலைகீழாக, அதாவது அதன் கால் கீழே வரும்படி பிடியுங்கள். மேலே படுத்திருக்கும் குழாயின் மேல் பாதியை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து எடுத்துவிடுங்கள். மீதி இருப்பது ஓடை மாதிரியான அரைக்குழாய். அதுதான் தொட்டில். அறுத்த விளிம்புகளை உப்புத்தாளால் தேயுங்கள். இரு முனைகளையும் கொஞ்சம் சரிவாகத் தேய்த்துவிட்டால், கம்பு சற்றே மேலும் கீழும் சாய இடம் கிடைக்கும்.

உள்பக்கம் சைக்கிள் டியூப் துண்டை ஒட்டுங்கள். கம்பு வழுக்காது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, யாராவது தரையில் நடக்கும்போது ஸ்டாண்ட் வழியாக ஏறி வரும் அதிர்வை ரப்பர் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழும் ரப்பர் துண்டுகள் வைத்தால் இன்னும் நல்லது.

லைட் ஸ்டாண்டின் உச்சி முனை பொதுவாக 5/8 அங்குலம், அதாவது சுமார் 16 மில்லிமீட்டர் தடிமன். டி இணைப்பின் கால் அதைவிட அகலமாக இருந்தால், முனையில் டேப் சுற்றி ஆட்டம் இல்லாமல் செருகுங்கள். பிறகு பக்கவாட்டில் துளையிட்டு, ஒரு போல்ட் முனையில் அழுந்தும்படி முடுக்கிவிடுங்கள். தொட்டில் தானாகச் சுழலவே கூடாது.

கம்பைத் தொட்டிலில் வைத்து வெல்க்ரோவால் கட்டினால் உருவம் தயார். இப்போது கையை எடுத்தால் என்ன நடக்கும்? மைக் பக்கம் தொபுக்கென்று கீழே வரும்.

தண்ணீர்ப் போத்தல் எதுக்கு?

சின்ன வயதில் விளையாட்டு இடத்தில் ஏறி இறங்கிய ஏற்றப்பலகைதான் இது. ஒரு பக்கத்தின் எடையையும், தொட்டிலில் இருந்து அதன் தூரத்தையும் பெருக்குங்கள். இரண்டு பக்கமும் அந்தப் பெருக்கல் சமமாக இருந்தால் கம்பு அப்படியே நிற்கும்.

ஒரு கணக்கு போடுவோம். கம்பு 2.5 மீட்டர், எடை 700 கிராம். மைக், ஷாக் மவுன்ட், காற்றுக் கவசம் எல்லாம் சேர்த்து 400 கிராம். தொட்டில், கம்பின் வால் முனையில் இருந்து அரை மீட்டரில் இருக்கிறது.

மைக் தொட்டிலுக்கு 2 மீட்டர் முன்னால் இருக்கிறது. 400ஐ 2ஆல் பெருக்கினால் 800. கம்புக்கும் எடை உண்டு, இதைத்தான் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கம்பின் நடுப்புள்ளி தொட்டிலுக்கு 0.75 மீட்டர் முன்னால் வரும். 700ஐ 0.75ஆல் பெருக்கினால் 525. மொத்தம் 1325. அதை வால் முனையில் அரை மீட்டர் தூரத்தில் சமன்செய்ய 2,650 கிராம் தொங்கவிட வேண்டும்.

இப்போது தொட்டிலை வெறும் 30 சென்டிமீட்டர் முன்னால் தள்ளுங்கள். வாலுக்கும் தொட்டிலுக்கும் இடையில் 0.8 மீட்டர். அதே கணக்கைப் போட்டால் தேவைப்படும் எடை சுமார் 1,245 கிராம். பாதிக்கும் குறைவு! 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை முழுக்க நிரப்பக்கூடத் தேவையில்லை. ஸ்டாண்ட் தாங்கும் மொத்த எடையும் 3.75 கிலோவில் இருந்து ஏறக்குறைய 2.35 கிலோவாக இறங்கிவிடும். இழப்பு, மைக் எட்டும் தூரத்தில் 30 சென்டிமீட்டர்தான்.

நீட்டுக்கம்புகளின் அடிப்பகுதி தடிமனாக இருப்பதால், உண்மையில் தேவைப்படும் எடை இன்னும் சற்றுக் குறையும். அதனால்தான் இரும்புத் துண்டைவிடத் தண்ணீர் வசதி. ஒரு வாய் குடித்தால் எடை குறையும், கொஞ்சம் ஊற்றினால் கூடும். மூடியை நன்றாகத் திருகுங்கள். மைக் கேபிள் வால் பக்கமாக வெளியே வந்தால், அதன் இணைப்பு முனை போத்தலுக்குக் கீழே தொங்கக்கூடாது. போத்தல் ஊஞ்சலாடினால் சத்தமும் வரும், சமநிலையும் போகும். கம்போடு சேர்த்து இறுக்கமாகக் கட்டிவிடுங்கள்.

மைக் பக்கம் மிக லேசாக, ஒரு விரலால் தாங்கும் அளவுக்குக் கூடுதல் எடை இருக்கட்டும். பிறகு வால் முனையில் இருந்து ஸ்டாண்டின் காலுக்கு ஒரு கயிறு கட்டுங்கள். கயிற்றின் நீளத்தை மாற்றினால் மைக்கின் உயரம் மாறும். சமநிலை சரியாக இருந்தால், கயிறு அவிழ்ந்தால்கூட மைக் மெதுவாகத்தான் இறங்கும். ஷாக் மவுன்ட்டையும் தனியாக ஒரு சிறு கயிற்றால் கம்போடு கட்டிவிடுங்கள். போல்ட் கழன்றால் மைக் தொங்கும், விழாது.

காலுக்கு அரிசி மூட்டை

ஸ்டாண்டின் மூன்று கால்களையும் முடிந்தவரை அகலமாக விரியுங்கள். ஒரு கால், கம்பு நீளும் அதே திசையில், மைக்கை நோக்கி இருக்க வேண்டும். எடை சாயும் பக்கத்தில் கால் இல்லாவிட்டால் மற்ற இரண்டு கால்களும் உதவிக்கு வராது.

படப்பிடிப்புத் தளங்களில் கால்களின் மேல் மணல் மூட்டை வைப்பார்கள். வீட்டில் 5 கிலோ அரிசிப் பை அதே வேலையைச் செய்யும். படப்பிடிப்பு முடிந்ததும் அம்மாவிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆள் உட்காருவதற்கு முன்பு ஒரு சோதனை. மைக்கை இரண்டு விரலால் கீழே இழுங்கள். பிறகு இடமும் வலமும் தள்ளுங்கள். ஏதாவது ஒரு கால் தரையை விட்டு எழுந்தால் எடை போதாது. கேபிளையும் பாருங்கள். அதைக் கம்போடு சுற்றி, ஸ்டாண்ட் வழியாகக் கீழே இறக்கித் தரையில் டேப் ஒட்டுங்கள். ஸ்டாண்டைக் கவிழ்ப்பது பெரும்பாலும் எடைக் கணக்கு இல்லை. கேபிளில் தடுக்கும் கால்தான்.

எங்கே வைக்கலாம், எங்கே கூடாது?

உட்கார்ந்து பேசும் காட்சி, நேர்காணல், சாப்பாட்டு மேசை வசனம். இதற்கெல்லாம் ஸ்டாண்ட் கச்சிதம். மைக்கை முன்தலைக்குச் சற்று மேலே, கேமரா சட்டகத்துக்கு வெளியே, பேசுபவரின் நெஞ்சைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். சிறிய அறையில் நீளமான ஷாட்கன் மைக்கைவிட, குறுகிய கோணத்தில் கேட்கும் சிறிய பென்சில் வகை மைக் பெரும்பாலும் இயல்பாகக் கேட்கும். ஷாட்கன் மைக் பக்கவாட்டு எதிரொலியை விநோதமாக மாற்றிக் காட்டக்கூடியது.

மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்துங்கள். சத்தத்துக்காக மட்டும் இல்லை. வீவக வீடுகளில் கூரையின் உயரம் ஏறக்குறைய 2.6 மீட்டர்தான், விசிறியின் இறக்கை அதற்கும் கீழே. போத்தல் கொஞ்சம் கனத்து வால் இறங்கினால், மைக் நேராக அங்கேதான் போகும். (குயிலை நிறுத்த வழி தெரிந்தவர்கள் எங்களுக்கும் சொல்லவும்.)

வெளிப்புறத்தில் கவனம் தேவை. ரோமக் காற்றுக் கவசம் மாட்டிய மைக், காற்றில் பாய்மரம் போல இழுபடும். புளோக்கின் கீழ்த்தளத்தில் சட்டென்று காற்று வீசுவது உங்களுக்கே தெரியும். மேல்மாடித் தாழ்வாரத்தில், சுவரோரத்தில், இந்த ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம். கம்பின் ஒரு முனை சுவரைத் தாண்டி நீண்டிருந்தால், அங்கிருந்து விழும் போத்தலோ மைக்கோ கீழே போகிறவரின் உயிரை எடுக்கக்கூடும். அங்கே கையில் பிடித்துத்தான் ஆக வேண்டும், அதுவும் சுவரை விட்டுத் தள்ளி நின்று.

நடந்துகொண்டே பேசும் காட்சிக்கும் ஸ்டாண்ட் உதவாது. இருவர் மாறி மாறிப் பேசும்போது, அடுத்த வசனம் யாருடையது என்று தெரிந்து மைக்கைத் திருப்புவது ஒரு கலை. எந்தத் தொட்டிலும் வசனம் படிக்காது. அந்த ஒரு காட்சிக்காவது தம்பியையோ வகுப்புத் தோழரையோ கூப்பிடுங்கள்.

இறக்கும்போது

ஒரு டேக் முடிந்து மைக்கின் பேட்டரியை மாற்ற வேண்டியிருக்கிறது. மைக்கை மட்டும் கழற்றினால் என்ன ஆகும்? முன்பக்க எடை போய்விடும், ஒன்றே கால் கிலோ போத்தல் அடுத்த நொடியே கீழே வரும். பின்னால் நிற்பது பெரும்பாலும் இயக்குநர்.

அதனால் முதலில் நடிகரை எழுந்து விலகச் சொல்லுங்கள். ஒருவர் கம்பைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஸ்டாண்டை இடுப்பு உயரத்துக்கு இறக்கட்டும். பிடித்த கையை விடாமல் போத்தலை அவிழ்த்துவிட்டு, அதன் பிறகு மைக்கைத் தொடுங்கள். மாட்டும்போது மைக் முதலில், போத்தல் பிறகு. சாப்பாட்டு இடைவேளைக்குப் போகும்போதும் ஸ்டாண்டை இறக்கி வைத்துவிட்டே போங்கள்.