சூடேறிய எஞ்சின்

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகச் செல்லும் சாலையில் கோடைக்காலத்து நண்பகலில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வதைக் காணலாம். ஒரகடத்துத் தொழிற்சாலைகள் ஒரு புறம். வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை மற்றொரு புறம். இவற்றினிடையே செல்லும் வண்டிகளுள் ஒன்று, ஆவி பறக்க ஓரத்தில் நின்றுவிடுவது புதிய காட்சியன்று. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது என்பது மட்டுமே ஓட்டுநருக்குத் தெரியும். முள் சூட்டைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. நோயாளியின் உடம்பு சுடுகிறது என்று கண்டவுடனே மருந்து கொடுப்பவன் மருத்துவன் ஆகான். எஞ்சின் பழுது பார்ப்பவனும் அவ்வாறே.

டீசல் எஞ்சினில் எண்ணெயைப் பற்றவைக்கத் தீப்பொறி இல்லை. உருளைக்குள் காற்று மிக இறுக அழுத்தப்படுகிறது. அதனாலேயே அது 500 டிகிரிக்கு மேல் சூடேறி, தெளிக்கப்படும் எண்ணெயைப் பற்றவைக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய எஞ்சின், எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சினை நோக்க, அதுவே பெரிய வெற்றி. இன்றைய லாரி எஞ்சின் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை வேலையாக மாற்றுகிறது. எஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பெரும்பகுதியை நீர் சுமந்து சென்று ரேடியேட்டரில் இறக்க வேண்டும். ஆகவே, நீர் வேண்டும். அது ஓட வேண்டும். ரேடியேட்டரின் ஊடே காற்றும் வீச வேண்டும். இம்மூன்றில் எது தவறிற்று என்பதே கேள்வி.

கேள்விக்கு விடை காணுமுன் கையைக் காத்துக்கொள்ள வேண்டும். ரேடியேட்டரின் மூடி நீரை அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கிறது. அழுத்தத்தினால், 100 டிகிரியைக் கடந்தும் நீர் கொதியாமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்க, அந்நீர் ஆவியாய்ச் சீறி முகத்திலும் கையிலும் பாயும். வெந்த புண்ணோடு மருத்துவமனை சென்ற ஓட்டுநர்கள் பலர். எஞ்சின் ஆறும்வரை, அரைமணிக்குக் குறையாமல் காத்திருத்தலே முறை. காய்ந்த எஞ்சின்மீது குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தகாது. வார்ப்பிரும்பு வெடித்துப் பிளக்கக்கூடும்.

முள்ளையும் முழுதும் நம்புதல் கூடாது. நீர் முழுவதும் ஒழுகிப்போனால் வெப்பத்தை உணரும் கருவி நீரில் தோயாமல் வெறுவெளியில் நிற்கும். அப்போது எஞ்சின் எரிந்துகொண்டிருக்க, முள் தாழ்ந்து நிற்பதும் உண்டு. ஆதலின் ஆறியபின் முதலிற் காண வேண்டுவது நீரின் அளவு.

நீர் குறையவில்லையாயின், பட்டறையில் அனுபவமுள்ள மெக்கானிக் கருவியை எடுப்பதற்கு முன் ஒரு வினா எழுப்புவார்: "வண்டி எப்போது சூடேறுகிறது?" வெளிவட்டச் சாலையில் விரைந்து செல்லும்போது முள் அசையாமல் இருக்கிறது, நெரிசலில் ஊரும்போது ஏறுகிறது என்று விடை வந்தால், அவர் விசிறியை நோக்குவார். விரைந்து செல்லும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். ஊரும் வண்டிக்கு விசிறியன்றி வேறு துணையில்லை. பழைய வண்டியாயின் விசிறியின் பெல்ட் தளர்ந்திருக்கலாம். புதிய வண்டிகள் பலவற்றில் விசிறிக்கும் அதைச் சுழற்றும் அச்சுக்கும் இடையே, பாகுபோன்ற சிலிக்கோன் எண்ணெய் நிறைந்த கிளட்ச் ஒன்று உண்டு. சூடான காற்று படும்போது அவ்வெண்ணெய் உள்ளே பரவி விசிறியைப் பற்றிக்கொள்ளும். எண்ணெய் கசிந்துவிட்டால் விசிறி சுற்றுவதுபோல் தோன்றும், காற்றை இழுக்காது. எஞ்சினை நிறுத்தி, சூடு இருக்கும்போதே விசிறியைக் கையால் தள்ளினால் அது தடையின்றிச் சுழலும். இதனை அறியாமல் ரேடியேட்டரையே மாற்றி, ஒரே லாரியை நம்பி வாழ்பவரின் பல நாள் வருவாயை வீணாக்குவோரும் உளர்.

மாறாக, சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது மட்டும் சூடேறினால், ஐயம் ரேடியேட்டரின் மேல் செல்லும். எஞ்சின் முழு வலிமையோடு உழைக்கையில் பிறக்கும் வெப்பத்தை இறக்க அதற்கு இயலவில்லை. சென்னைப் புறநகரின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு மிகுந்த நீரே கிடைக்கிறது. கூலண்ட் வாங்கும் செலவுக்கு அஞ்சி அந்நீரையே ஊற்றி வந்தால், உட்சுவரில் சுண்ணாம்பு படியும். ஒரு மில்லிமீட்டர் படிவு, வெப்பத்தைத் தடுப்பதில் இரண்டு சென்டிமீட்டர் இரும்புக்கு நிகராகும்! சிக்கனம் என்று எண்ணிச் செய்வது எவ்வளவு பெரிய செலவு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

வெளியிலும் அடைப்பு உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. அத்தகைய சேற்று நீரில் நின்ற வண்டியின் ரேடியேட்டர்த் தகடுகளுக்கிடையே களிமண் காய்ந்து இறுகிவிடும். இக்காலத்து லாரிகளில் ரேடியேட்டருக்கு முன்னால், எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே சேரும் அழுக்கு முன்னின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

நீர் ஓடுகிறதா என்பதை வெப்பமானி கொண்டு குழாய்களை அளந்து அறியலாம். எஞ்சின் கொதிக்க, மேற்குழாய் சூடேறாமல் இருந்தால், தெர்மோஸ்டாட் என்னும் கதவு திறக்கவில்லை எனலாம். மேற்குழாய் மிகச் சுட்டு, கீழ்க்குழாய் குளிர்ந்திருந்தால் நீர் ரேடியேட்டரில் தடைபடுகிறது. இரண்டும் ஒப்பச் சுட்டால் காற்றுப் போதவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது நம் சாலைகளில் ஒரு வழக்கம். அது நல்ல வழக்கமன்று. சில எஞ்சின்களில் அது இல்லாதபோது நீர் குறுக்குவழியே திரும்பி, ரேடியேட்டருக்குச் செல்லாமலே சுற்றும். மற்றவை வேண்டிய சூட்டை அடையாமல் எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும். அதைக் கழற்றினால் வெந்நீர்ப் பாத்திரத்தில் இட்டுப் பார்க்கலாம்; பெரும்பாலும் 80 டிகிரியைக் கடந்ததும் அது திறக்கத் தொடங்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சூடு தணியாவிடின், ஆறிய எஞ்சினின் மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பார்ப்பர். சூடேறுவதற்கு முன்பே நீரில் குமிழிகள் இடைவிடாது எழுந்தால், உருளையில் எரியும் வாயு ஹெட் கேஸ்கட்டைத் துளைத்து நீருக்குள் புகுகிறது. மசகெண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், நீர் எண்ணெயோடு கலந்துவிட்டது. அதற்குமேல் அவ்வண்டியை ஓட்டக்கூடாது. இழுத்துச் சென்று எஞ்சினின் தலைப்பகுதியைப் பிரித்தே தீரவேண்டும்.