சர்வர் படுத்தபோது பேனா எடுத்தவர்கள்

2025 செப்டம்பர் 29 அன்று ஜப்பானின் அசாஹி நிறுவனத்தின் கணினிகளை, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் தாக்கியது. ‘சூப்பர் டிரை’ பீரும் குளிர்பானங்களும் விற்கும் பெரிய நிறுவனம் அது. உள்நாட்டில் அதற்குச் சுமார் 30 ஆலைகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் வேலை நின்றது. இத்தனைக்கும் இயந்திரங்கள் எதுவும் பழுதாகவில்லை. எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி அனுப்ப வேண்டும் என்று சொல்லும் கணினிதான் முடங்கியிருந்தது. ஆர்டர் எடுக்க வழியில்லை, அனுப்பவும் வழியில்லை.

ஊழியர்கள் பேனாவை எடுத்தார்கள். தொலைபேசியில் கேட்டும், நேரில் போய்ப் பார்த்தும் ஆர்டர்களைக் கையால் எழுதினார்கள். ஃபேக்ஸ் மீண்டும் வேலைக்கு வந்தது. அக்டோபர் 2 அன்றே நிறுவனத்தின் ஆறு பீர் ஆலைகளும் ஓடத் தொடங்கிவிட்டன. ஆனாலும் கையால் எழுதி அனுப்பக்கூடிய சரக்கு, வழக்கமாகப் போவதில் ஒரு பகுதிதான். கணினி வழி ஆர்டர் திரும்ப டிசம்பர் ஆகிவிட்டது. அசாஹியிடம் கிடைக்காததால் வாடிக்கையாளர்கள் கிரின், சப்போரோ, சன்டோரி பக்கம் திரும்ப, அந்த நிறுவனங்களும் ஆண்டிறுதிப் பரிசுப் பெட்டி விற்பனையைக் குறைக்க வேண்டி வந்தது. ஒருவருடைய சர்வரில் விழுந்த அடி, போட்டியாளரின் கிடங்கு வரை எட்டியது.

இதைவிடப் பெரிய பாடம் 2017 ஜூன் 27 அன்றே கிடைத்திருந்தது. உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியே ‘நாட்பெட்யா’ வைரஸ் கிளம்பியது. கேட்பரி, ஓரியோ விற்கும் மாண்டலீஸ் 1,700 சர்வர்களையும் 24,000 மடிக்கணினிகளையும் இழந்ததாக நீதிமன்றத்தில் சொன்னது. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகருக்கு அருகிலுள்ள கேட்பரி சாக்லேட் ஆலை நின்றது. டெட்டால் தயாரிக்கும் ரெக்கிட்டும் தப்பவில்லை. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் தடுமாறியதில் மும்பை அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையமே முடங்கியது.

மெர்ஸ்க் மீண்ட விதம் வியப்பானது. அதன் கணினி வலையில் யார் யார் நுழையலாம் என்ற பதிவேட்டைச் சுமந்த சர்வர்கள் உலகெங்கும் அழிந்துவிட்டன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. காரணம், வைரஸ் வந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு! அதிலிருந்த பதிவேட்டைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோக வேண்டும்; கானா ஊழியர்களிடமோ பிரிட்டன் விசா இல்லை. அதனால் ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் அந்தச் சர்வரின் ஹார்டு டிஸ்கைக் கொடுக்க, அவர் அதை லண்டனுக்கு எடுத்துப் போனார். பத்தே நாளில் 4,000 சர்வர்களும் 45,000 கணினிகளும் புதிதாக நிறுவப்பட்டன. அந்த உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் உலகக் கப்பல் சரக்கில் கணிசமான பங்கைச் சுமக்கும் நிறுவனம், ஒரு மின்வெட்டின் தயவில் பிழைத்தது என்பதை நினைத்தால் பகீரென்கிறது.

நாட்பெட்யா நஷ்டத்துக்காக மாண்டலீஸ் கேட்ட 10 கோடி டாலர் இழப்பீட்டை, ‘இது போர் நடவடிக்கை’ என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. வழக்கு 2022-இல்தான் சமரசமானது. சாக்லேட் ஆலை நின்ற நஷ்டத்துக்குப் போர் விதி!

இந்தியாவுக்கும் இது தூரத்துச் செய்தியல்ல. இந்துஸ்தான் யூனிலீவரின் ‘ஷிகர்’ செயலியில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கடைகள் சேர்ந்திருக்கின்றன. சோப்பு தீர்ந்தால் கடைக்காரர் இரவிலும் ஆர்டர் போடலாம். சேல்ஸ்மேன் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். இது நல்ல வசதி. 2020 ஊரடங்கில் சேல்ஸ்மேன்கள் கடைக்குப் போக முடியாதபோது இத்தகைய செயலிகள்தான் கைகொடுத்தன. அதே செயலி ஒரு வாரம் படுத்தால்? எந்தக் கடையில் எது ஓடும், யாருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பது சேல்ஸ்மேனுக்கு மனப்பாடம். செயலி வந்துவிட்டது என்று அவரை வீட்டுக்கு அனுப்பும் நிறுவனம், ஆபத்துக் காலத்தில் ஆர்டர் புத்தகத்தை யார் கையில் கொடுக்கும்? சரக்கு விநியோகிக்கும் ஏஜென்சிகள் கடைப் பட்டியலை அச்சிட்டு வைக்கட்டும். வருடத்தில் ஒரு நாள் கணினியை அணைத்துவிட்டு, காகிதத்தில் ஆர்டர் எடுத்துச் சரக்கு ஏற்றிப் பார்க்கட்டும். அன்று எந்த வேலை தடுக்குகிறதோ, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.