பாட்டு கடல் கடந்தது; பாடியவருக்குத் தெரியாது!

1998-ம் ஆண்டு மார்ச் மாதம். தென்ஆப்பிரிக்காவில் உள்ள கேப்டவுன் நகரம். அரங்கில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடி இருந்தார்கள்.

மேடைக்கு ஒருவர் வந்தார். நெடிய தலைமுடி, கறுப்புக் கண்ணாடி, கையில் கித்தார். அவ்வளவுதான்! கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. பாட்டைத் தொடங்கவே விடவில்லை.

காரணம் என்ன? அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அந்த நாட்டு மக்கள் நம்பிக்கொண்டு இருந்தார்கள்!

ஆறாவது பிள்ளை

அவர் பெயர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். 'ராக்' இசைப் பாடகர். 1942-ல், கார் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டில் பிறந்தார். மெக்சிகோவில் இருந்து வந்த ஏழைத் தொழிலாளர் குடும்பம். ஆறாவது பிள்ளை என்பதால் 'சிக்ஸ்டோ' என்று பெயர் வைத்தார்கள்.

ஏழைகள் வாழும் தெரு, வேலை இல்லாதவர் படும் பாடு, ஏமாற்றும் அரசியல்வாதி. இவைதாம் அவருடைய பாட்டுக்குக் கரு. தாம் கண்டதைத் தாமே பாட்டாக எழுதிப் பாடினார்.

1970-லும் 1971-லும் இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. இரண்டும் அமெரிக்காவில் விற்கவில்லை.

கூலி வேலை

மனைவி, மக்களைக் காப்பாற்ற வேண்டுமே! பழைய வீடுகளை இடிக்கும் வேலைக்குப் போனார். அந்த வேலைக்கும் கோட்டு அணிந்து வருவார் என்று உடன் உழைத்தவர் ஒருவர் கூறி இருக்கிறார்.

வேலை செய்துகொண்டே படித்து, 1981-ல் தத்துவத்தில் பட்டம் பெற்றார். டெட்ராய்ட் நகரத் தேர்தல்களில் நின்றார், தோற்றார். ஆஸ்திரேலியாவில் அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். 1979-லும் 1981-லும் அங்கு சென்று பாடினார். பிறகு மீண்டும் கூலி வேலைதான்.

தெரியாத புகழ்

அதே காலத்தில் தென்ஆப்பிரிக்காவில் அவருடைய இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டு இருந்தன! அப்போது அங்கு நடந்தது நிறவெறி ஆட்சி. அதை வெறுத்த வெள்ளை இளைஞர்கள், அதிகாரத்தைத் தட்டிக்கேட்கும் இந்தப் பாடல்களைத் தங்கள் பாடல்களாகவே எண்ணினார்கள். வானொலியில் சில பாடல்களுக்குத் தடை இருந்தது.

நிறவெறிக்காக உலக நாடுகள் தென்ஆப்பிரிக்காவை ஒதுக்கிவைத்த காலம் அது. வெளிச்செய்தி எளிதில் வராது. பாடகர் மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்ற வதந்தி பரவியது. அங்கு விற்ற தட்டுகளுக்கான பணமும் அவர் கைக்கு வரவில்லை.

மகள் கண்ட செய்தி

இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவரும் பத்திரிகையாளர் ஒருவரும் உண்மையைத் தேடிப் புறப்பட்டார்கள். 1997-ல், இந்தத் தேடலுக்காகத் தொடங்கிய இணையதளத்தை ரோட்ரிகசின் மூத்த மகள் பார்த்தார். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று தகவல் அனுப்பினார்.

மறு ஆண்டு அவர் தென்ஆப்பிரிக்கா சென்றார். ஆறு கச்சேரிகள். எல்லா டிக்கெட்டுகளும் விற்றுத் தீர்ந்தன. கூலி வேலை பார்த்த அப்பாவை ஒரு நாடே கொண்டாடுவதை மகள்கள் நேரில் கண்டார்கள்.

பிறகு என்ன செய்தார்? டெட்ராய்ட்டுக்குத் திரும்பினார். மறுபடியும் வேலைக்குப் போனார்!

அதே வீடு

இந்தக் கதை 'சர்ச்சிங் பார் சுகர் மேன்' என்ற படமாக 2012-ல் வெளிவந்தது. மறு ஆண்டு சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றது. விழாவுக்கு ரோட்ரிகஸ் போகவில்லை. படம் எடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய பெருமையைத் தாம் பறித்துவிடக்கூடாது என்று நினைத்தார். பரிசு அறிவித்தபோது அவர் தூங்கிக்கொண்டு இருந்தார்!

அதன் பிறகு பல நாடுகளில் பெரிய மேடைகள் கிடைத்தன. கச்சேரிப் பணத்தில் பெரும்பகுதியைக் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார். பல ஆண்டுகளாக வாழ்ந்த அதே எளிய வீட்டிலேயே இருந்தார். 2023 ஆகஸ்டு 8-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

புகழ் வரவில்லை என்று அவர் ஒடிந்துபோகவில்லை. வந்தபோது தலைகால் புரியாமல் ஆடவும் இல்லை. உழைத்துச் சாப்பிட்டார், பிள்ளைகளை வளர்த்தார். அவர் எழுதிய பாட்டோ, அவருக்கே தெரியாமல் கடல் கடந்து போய் அவருக்காகக் காத்திருந்தது!