பாரம் ஏறினாலும் தாழாத பேருந்து

நாகர்கோவிலிலிருந்து மாலையில் சென்னைக்குப் புறப்படும் பேருந்துகளைக் கவனித்திருக்கிறீர்களா? சுமார் 700 கிலோமீட்டர் பயணம். ஆட்களும் மூட்டை முடிச்சுகளும் ஏற ஏற, சில பேருந்துகளின் பின்புறம் தாழ்ந்துவிடும். வேறு சில பேருந்துகளோ எவ்வளவு ஏறினாலும் மட்டமாகவே நிற்கும். இது எப்படி?

சாதாரணப் பேருந்தின் பாரத்தை எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில் தாங்குகிறது. பாரம் கூடினால் வில் வளையும், பின்புறம் தாழும். வில்லை விறைப்பாகச் செய்துவிடலாமே என்பீர்கள். அப்போது காலியாக ஓடும் பேருந்து ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடும்!

சற்றுத் தாழ்ந்தால்தான் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 6 மீட்டர் என்றும், பின்புறம் 6 சென்டிமீட்டர் தாழ்கிறது என்றும் கொள்வோம். சரிவு நூற்றில் ஒரு பங்கு. எனவே 50 மீட்டர் தொலைவில் முகப்பு விளக்கின் ஒளி 50 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். சாலையில் விழவேண்டிய வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் விழும். ஆரல்வாய்மொழிச் சாலையில் இரவில் சைக்கிளில் வருபவருக்கு இது உயிர்ப் பிரச்சினை அல்லவா?

மட்டமாக நிற்கும் பேருந்தில் எஃகு வில்லுக்குப் பதிலாக ரப்பர் காற்றுப் பைகள் உள்ளன. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்துங்கள். அடைபட்ட காற்று வில்லைப் போல எதிர்த்துத் தள்ளும். காற்றுப் பையும் அப்படித்தான். ஒரு பையின் தாங்கும் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1,500 கிலோகிராம் பாரத்தைத் தாங்க, வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோகிராம் அழுத்தம் கூடுதலாக வேண்டும். பாரம் 2,500 ஆனால் 5 கிலோகிராம் வேண்டும்.

அந்தக் கூடுதல் காற்றை யார் அளந்து விடுகிறார்கள்? ஓட்டுநர் அல்ல; ஒரு சிறிய வால்வு! வண்டியின் சட்டத்தில் பொருத்திய அதன் கை, ஒரு தண்டினால் அச்சோடு இணைந்திருக்கிறது. சட்டம் தாழ்ந்தால் தண்டு கையை மேலே தள்ளும். வால்வு திறந்து, தொட்டியில் அடைத்துள்ள காற்று பைக்குள் பாயும். பழைய உயரம் வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். ஆட்கள் இறங்கினால் சட்டம் உயரும். கை கீழே இறங்கும். மிகுதிக் காற்று 'உஸ்' என்று வெளியேறும். தண்ணீர்த் தொட்டியில் மிதவைப் பந்து செய்யும் வேலையும் இதுவே.

பள்ளத்தில் குதிக்கும்போதெல்லாம் வால்வு திறந்து மூடாதா? வால்வு காற்றை நிதானமாகவே விடுகிறது. நொடிப்பொழுதுக் குலுக்கலில் அதிகக் காற்று ஏறவோ இறங்கவோ நேரமில்லை.

பிரான்சின் சித்ரோவன் நிறுவனம் 1954இல் ஒரு காரின் பின்சக்கரங்களுக்கு, எண்ணெயும் வாயுவும் சேர்ந்து இயங்கும் இத்தகைய அமைப்பைத் தந்தது. 1955இல் வந்த டி.எஸ். காரில் நான்கு சக்கரங்களுக்கும் அது வந்தது.

ஒன்றை மறவாதீர்கள். வண்டி மட்டமாக நிற்பதால் பாரம் குறைந்துவிடவில்லை. டயரும் அச்சும் பிரேக்கும் முழுப் பாரத்தையும் சுமக்கத்தான் வேண்டும். எஃகு வில் வளைந்து, "அளவுக்கு மிஞ்சிவிட்டது" என்று கண்ணுக்குக் காட்டும். காற்றுப் பை அப்படிக் காட்டாது. ஆகவே பாரத்தை அளந்தே ஏற்றவேண்டும்.

அடுத்த முறை வடசேரிப் பேருந்து நிலையத்துக்குப் போனால், பின்சக்கரத்துக்கு மேலுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஆட்கள் ஏறிய பின் மறுபடியும் பாருங்கள். உள்ளே இருப்பது எஃகா, காற்றா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்!