பாலராமபுரம் கைத்தறி: பார்த்து வாங்குவது எப்படி?

ஓணம் வந்தாலும் கல்யாணம் வந்தாலும் நம் வீடுகளில் முதலில் பேசுவது கசவுத் துணியைப் பற்றித்தான். கேரளத்தின் அடையாளம் என்று உலகம் கொண்டாடும் இத்துணிக்குப் பின்னால் தமிழ் நெசவாளர் கைகளும் உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் அதியன்னூரை அடுத்தது பாலராமபுரம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயரால் அமைந்த ஊர். அரண்மனைக்குத் துணி நெய்ய வள்ளியூர்ப் பக்கத்துச் சாலியர் குடும்பங்களைத் திவான் உம்மிணித்தம்பி இங்கே குடியேற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை மாறினாலும் தறிச் சொல் மாறவில்லை. தறி, பாவு, நூல் இரு மொழிக்கும் பொதுவாகவே இருக்கின்றன.

சாலியர் தெருவுக்கு விடியற்காலையில் போனால் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சிப் பசையும் தேங்காய் எண்ணெயும் தடவி பிரஷால் நீவுவதைப் பார்க்கலாம். பிறகு குழித்தறி. நாடாவைக் கையாலேயே எறிந்து வாங்கும் பழைய முறை இங்கே நிலைத்திருக்கிறது. வேகம் குறைவு, வேலைப்பாடு கூடக்கூட நாட்களும் கூடும்.

இனி, வாங்கும் முறை.

முதலில் துணியைத் திருப்பிப் பாருங்க. பாலராமபுரம் நெசவில் கசவுக் கரையும் பூவும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். நகருக்குள் ஒரு கடையில் எனக்கு "ஒரிஜினல் கைத்தறி சார்" என்று ஒரு செட்டுமுண்டைக் காட்டினாங்க. திருப்பினேன், பூவுக்குப் பின்னால் வெட்டிய நூல் பிசிறு. மடிச்சுக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

அடுத்தது கசவு. அசல் கசவு, பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றிப் பொன்முலாம் பூசியது. செம்பு இழைக் கசவும், பிளாஸ்டிக் இழைக் கசவும் உண்டு. எது என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்க. வெள்ளிக் கசவுள்ள பாட்டி காலத்து முண்டு வீட்டில் இருந்தால் சரிகைக்காரரிடம் எடைக்குப் போடாதீங்க. பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பு மாற்றி வையுங்க.

மூன்றாவது, நிறம். வெளுக்காத பருத்தியின் இளமஞ்சள் சாயலே இதன் அழகு.

நான்காவது, முத்திரை. 2006-இல் வந்த கைத்தறி முத்திரையைப் பாருங்க. பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. நெசவாளர் சங்கங்களிலும், 1961-இல் தொடங்கிய ஹான்டெக்ஸ் கடைகளிலும் வாங்கலாம்.

விசைத்தறித் துணி விற்பது தப்பில்லை; அதைக் கைத்தறி என்று சொல்லி விற்பதுதான் நெசவாளர் வயிற்றில் அடிக்கிறது. விலை பற்றிப் பேசும்போது ஒரு முதிய நெசவாளர் என்னிடம் சொன்னார்: "அண்ணே, நூலுக்கு விலை இருக்கு, கசவுக்கு விலை இருக்கு. நாங்க இருந்த நாளுக்கு யாரு விலை போடுறா?"

அடுத்த விடுமுறைக்கு ஊர் வரும்போது பிள்ளைகளைச் சாலியர் தெருவுக்குக் கூட்டி வாருங்க. தறியைக் காட்டி, அங்கேயே ஒரு துணி வாங்கிக் கொடுங்க. அந்த விலையில் பேரம் வேண்டாம்.