சைக்கிளில் போனால்தான் தெரியும் கள்ளக்குறிச்சி! 3 நாள் பயணம்... 2,000 ஆண்டு வரலாறு

சென்னையிலிருந்து திருச்சிக்கு காரில் போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை என்றால் என்ன நினைவுக்கு வரும்? ஒரு சுங்கச்சாவடி, சேலத்துக்குப் பிரியும் சாலை, ஒரு டீ. அவ்வளவுதான்.

ஆனால், அந்த நான்கு வழிச்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இறங்கினால், சோழ மன்னன் ஒருவன் சிறைவைக்கப்பட்ட ஊர் இருக்கிறது. சுந்தரர் பிறந்த ஊர் இருக்கிறது. இன்னும் வடமேற்கே போனால், அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த பாறை இருக்கிறது. காரில் போனால் இவை வெறும் பெயர்ப்பலகைகள். பேருந்தில் போனால் ஒரு நாளைக்கு ஓர் ஊர்தான் முடியும். இந்த ஊர்களுக்குச் சரியான வேகம், சைக்கிள் வேகம்!

2019 நவம்பர் 26-ம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. கிழக்கே கெடிலம், வடக்கே தென்பெண்ணை, மேற்கே கல்வராயன் மலை. நடுவில் பெரும்பாலும் சமதளம். ஏரிக்கரை, கரும்பு, நெல், உளுந்து என்று மாறி மாறி வரும் காட்சிகள். களமருதூர் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். களம், மருதம், ஊர் மூன்றும் காதில் விழும். இப்படிப்பட்ட கிராமங்களை இணைக்கும் சின்னச் சாலைகள்தான் நம்முடைய பாதை. ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டருக்குள் மிதித்தால் போதும். பந்தயச் சைக்கிள் தேவையில்லை.

முதல் நாள்: உளுந்தூர்பேட்டை - திருநாவலூர் - சேந்தமங்கலம்

காலை 6 மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன்பே திருநாவலூர் போய்விடலாம். பக்தஜனேஸ்வரர் கோயில் உள்ள இந்த ஊர்தான் சுந்தரர் பிறந்த தலம். நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் அவரை எடுத்து வளர்த்தார் என்பது பெரிய புராணம் சொல்லும் வரலாறு. திருமுனைப்பாடி நாடு என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் பிறந்த இன்னொருவர் அப்பர்.

இந்த ஊருக்கு ராஜாதித்தபுரம் என்றும் ஒரு பெயர் இருந்தது. முதலாம் பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன், வடக்கேயிருந்து வரும் ராஷ்டிரகூடப் படையை எதிர்பார்த்து இந்த வட்டாரத்தில்தான் படையோடு தங்கியிருந்தான். 949-ல் தக்கோலம் போரில் யானை மேல் இருந்தபடியே உயிரிழந்தான். பிற்காலத்தில் அவனுக்குக் கிடைத்த பட்டம், 'யானை மேல் துஞ்சிய தேவர்'.

அங்கிருந்து கெடிலம் ஆற்றுப் பகுதியிலேயே சேந்தமங்கலம். இப்போது அமைதியான கிராமம். 13-ம் நூற்றாண்டில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கனின் தலைநகரம்! 1231-ல் மூன்றாம் ராஜராஜ சோழனைப் பிடித்து அவன் இங்கேதான் சிறைவைத்தான். ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன் படை அனுப்பி சோழனை மீட்ட கதை, கடலூர் அருகே திருவந்திபுரம் கோயில் கல்வெட்டில் விரிவாக இருக்கிறது. ராஜராஜனும் ராஜேந்திரனும் ஆண்ட பேரரசு எந்த நிலைக்கு வந்துவிட்டது என்பதை இந்த ஒரு ஊர் சொல்லிவிடும்.

இங்குள்ள ஆபத்சகாயேஸ்வரர் கோயிலைப் பார்த்தால் கோட்டையோ என்று தோன்றும். தட்டினால் ஓசை எழுப்பும் கல் குதிரைகளும் இங்கே பிரபலம். ஆர்வத்தில் நீங்களும் தட்டிப் பார்க்காதீர்கள். 700 ஆண்டுகளைத் தாண்டிய கல், ஆளுக்கு ஒரு தட்டு என்றால் தாங்காது.

இரண்டாம் நாள்: உளுந்தூர்பேட்டை - திருநறுங்கொண்டை - திருக்கோவிலூர்

இன்று வடக்கு நோக்கி. வழியில் திருநறுங்கொண்டை குன்றின் மேல் அப்பாண்டைநாதர் கோயில். அப்பாண்டைநாதர் என்பது பார்சுவநாதர். தமிழ்ச் சமணர்கள் இன்றும் வழிபடும் தலம். சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டுப் படியேறுங்கள். மேலேயிருந்து பார்த்தால் நீங்கள் வந்த வயல்வெளி முழுக்கத் தெரியும்.

மாலைக்குள் திருக்கோவிலூர். உலகளந்த பெருமாள் கோயில் கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும். பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் ஒரு மழை இரவில், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுள்ள இடைகழியில் சந்தித்தது இந்த ஊரில்தான். மழைக்கு ஒதுங்கிய அனுபவம் உள்ள எந்த சைக்கிள்காரருக்கும் இந்தக் கதை பிடித்துப்போகும்.

கீழையூர்ப் பக்கம் வீரட்டானேஸ்வரர் கோயில். அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. இங்குள்ள முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டு, அவனுடைய தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவர் என்பதையும், பாரியின் நண்பர் கபிலர் இங்கே உயிர்விட்டதையும் சொல்கிறது. அருகில் தென்பெண்ணையாற்றில் நிற்கும் பாறைதான் 'கபிலர் குன்று'. ஆற்றில் தண்ணீர் ஓடும்போது கரையிலிருந்து பார்ப்பதே நல்லது.

மூன்றாம் நாள்: திருக்கோவிலூர் - ஜம்பை - திருக்கோவிலூர்

அசோகரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சதியபுத்திரர்' என்றும் ஒரு பெயர் வருகிறது. யார் இவர்கள்? நீண்ட காலம் ஆய்வாளர்கள் ஆளுக்கொரு பதில் சொல்லிவந்தார்கள்.

1981-ல் ஜம்பை கிராமத்துக் குன்றில், தமிழ்நாடு தொல்லியல் துறை ஒரு தமிழி கல்வெட்டைக் கண்டுபிடித்தது. ஒரே ஒரு வரி. சதியபுதோ என்ற பட்டத்தோடு அதியமான் நெடுமான் அஞ்சி இந்தக் குகையைத் தானமாகக் கொடுத்தான் என்பது அதன் பொருள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அஞ்சி! தகடூர்க்காரனுக்கு இங்கே என்ன வேலை? அவன் கோவலூரை வென்றதைப் புறநானூறு சொல்கிறது. அந்தக் கோவலூர்தான், காலையில் நீங்கள் கிளம்பிய திருக்கோவிலூர்.

இன்னும் ஒரு நாள் இருந்தால் தெற்கே தியாகதுருகம். 18-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிக்கொண்ட மலைக்கோட்டை. கல்வராயன் மலைக்கு மட்டும் கியர் சைக்கிளும் ஏற்றம் மிதித்த பழக்கமும் அவசியம்.

கிளம்பும் முன் கவனிக்க...

* டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச்சிலிருந்து வெயில் வாட்டிவிடும்.

* அதுவேதான் கரும்பு வெட்டும் காலமும். ஆலைக்குப் போகும் டிராக்டர்களில் லோடு இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும். பின்விளக்கு இல்லாதவையும் உண்டு. இருட்டிய பிறகு மிதிக்க வேண்டாம்.

* நான்கு வழிச்சாலையைக் கடக்க மட்டும் செய்யுங்கள். இறங்கி, உருட்டிக்கொண்டு, பாலத்துக்கு அடியில்.

* வழியெங்கும் சீமைக்கருவேல முள். மாற்று டியூப் இரண்டு, பஞ்சர் கிட், கைப்பம்பு கட்டாயம்.

* கோயில்கள் பெரும்பாலும் மதியம் நடை சாத்திவிடும். காலையிலேயே போய்விடுங்கள்.

* அறுவடை நேரத்தில் சாலையோரம் தானியம் காயும். அது ஒரு குடும்பத்தின் உழைப்பு. சக்கரம் ஏற்றாதீர்கள்.

* சைக்கிளை லக்கேஜாக பதிவு செய்து விழுப்புரம் வரை ரயிலில் கொண்டுவரலாம். திருக்கோவிலூர் ரயில் நிலையம் ஆற்றுக்கு அக்கரையில், அரகண்டநல்லூரில் இருக்கிறது.

ஒரு அம்புக்குறி போதும்

ஐரோப்பாவில் 'யூரோவெலோ' என்ற பெயரில் 17 நீண்ட சைக்கிள் பாதைகள் இருக்கின்றன. எல்லாமே புதிதாகப் போட்ட சாலைகள் அல்ல. பல இடங்களில் ஏற்கெனவே இருந்த கிராமச் சாலைகள்தான். கூடுதலாகச் செய்தது, பிரியும் இடங்களில் எல்லாம் ஒரே மாதிரி பெயர்ப்பலகை வைத்தது. ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றும் சுமார் 1,200 கிலோமீட்டர் யாத்திரையை இப்போது சைக்கிளிலும் செய்கிறார்கள். வழியிலுள்ள சின்ன விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் அதனால் பிழைக்கின்றன.

திருநாவலூரிலிருந்து ஜம்பை வரை நமக்கும் தேவைப்படுவது இவ்வளவுதான். முச்சந்திகளில் அம்புக்குறி, சாலையோரத்தில் ஒரு வெள்ளைக்கோடு, சைக்கிளைப் பூட்டிவைக்க ஓர் இடம், இரவு தங்க ஒரு சுத்தமான அறை.

இது ஊர் சுற்ற வருபவர்களுக்கான சலுகை மட்டும் இல்லை. அரசு தரும் விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், தினமும் இதே சாலைகளில்தான் லாரிக்கும் டிராக்டருக்கும் ஒதுங்கி மிதிக்கிறார்கள். பயணிக்காகப் போடும் வெள்ளைக்கோடு அவர்களையும் காப்பாற்றும். அதியமானின் ஒரு வரியைக் காட்டும் அம்புக்குறியை, அவர்களும் தினமும் படித்துக்கொண்டே போவார்கள்.

அடுத்த முறை உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தும்போது, உள்ளே போகும் அந்தச் சின்னச் சாலையைக் கொஞ்சம் பாருங்கள். பொங்கல் விடுமுறைக்கு சைக்கிளைத் தூசி தட்டி வைத்தால் சரியாக இருக்கும்!