தேங்கு நீர் வயலில் களைக்கொல்லிப் பரிசோதனை

மும்பை மாநகரின் விக்ரோலிக்கு நெல் வயலைக் காணலாமென்று செல்வோர் ஏமாற்றமே அடைவர். விரைவு நெடுஞ்சாலையின் ஒருபுறம் தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும். மறுபுறம் தாணே கழிமுகத்தை ஒட்டிய அலையாத்திக் காடு. எனினும் பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளை விற்கும் கோத்ரேஜ் அக்ரோவெட் நிறுவனத்தின் தலைமையகம் இங்குதான் இருக்கிறது. இதே மத்திய ரயில்வேத் தடத்தில் கல்யாணுக்கு அப்பால் கர்ஜத்தில் இறங்கினால், தாபோலி கொங்கண வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தின் நெல் வயல்களைப் பார்க்கலாம். மருந்துப் புட்டியின் சீட்டில் அச்சிடப்படும் அளவு அலுவலகத்தில் தீர்மானிக்கப்படுவதன்று. வயலில் நிரூபிக்கப்பட வேண்டியது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் களைக்கொல்லிகளுக்கும் பொருந்தும். பயனையும் பாதுகாப்பையும் காட்டும் சான்றுகளின்றி எம்மருந்தையும் பதிவு செய்ய முடியாது. பதிவின்றி விற்கவும் முடியாது.

நடவு நெல்லில் முதல் 30 முதல் 45 நாட்களே நெருக்கடியான காலம். குதிரைவாலிப் புல், கோரை வகைகள், நீராரை ஆகியவை இக்காலத்தில் நாற்றுடன் போட்டியிட்டு உரத்தையும் ஒளியையும் பறித்துக்கொள்கின்றன. குதிரைவாலியின் இளஞ்செடி நெல் நாற்றைப் போன்றே தோன்றுவதால், பழகிய கைகளும் சில வேளை அதனை விட்டுவிடும். ஊரெங்கும் ஒரே வாரத்தில் களையெடுப்பு வருங்கால் ஆட்கள் கிடைப்பதில்லை. களைக்கொல்லியை விவசாயி நாடுவதற்கு இதுவே முதற் காரணம்.

‘தேர்ந்து கொல்லும் மருந்து’ என்று நாம் மொழிபெயர்க்கும்போது மருந்துக்கே பகுத்தறிவு உண்டென்ற எண்ணம் தோன்றிவிடுகிறது. உண்மையில் தேர்வு நடப்பது பயிரின் உடலிலும், மருந்து இடும் காலத்திலும், நீரின் ஆழத்திலுமே. 1960-ஆம் ஆண்டையொட்டிப் புழக்கத்துக்கு வந்த புரோபனில் இதற்குச் சிறந்த உதாரணம். நெல்லிலையிலுள்ள ஒரு நொதி அம்மருந்தைச் சிதைத்துவிடுகிறது. குதிரைவாலிப் புல்லில் அந்நொதி போதிய அளவு இல்லாமையால் அது கருகுகிறது. ஆனால் சில பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகளும் கார்பமேட் வகைகளும் அந்நொதியை முடக்கிவிடும். இரண்டையும் அடுத்தடுத்துத் தெளித்தால் நெல்லும் கருகும். நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் பூட்டாக்குளோரின் செயல்முறை வேறு. அது மேல்மண்ணில் மெல்லிய படலமாகத் தங்கி, முளைக்கும் களை விதையைத் தாக்குகிறது. நட்ட நாற்றின் வேரோ அதற்குக் கீழே இருக்கிறது. சேற்றில் நேரடியாக விதைத்த நெல்லுக்கு இந்த இடைவெளி இல்லை. ஆகவே அங்குப் பயிர்க்காப்புப் பொருள் சேர்த்த பிரிட்டிலாக்குளோர் போன்றவை பயன்படுகின்றன.

இனி, பரிசோதனைக்கு வருவோம். புஞ்சை நிலத்தில் பாத்திகளைக் கயிறு கட்டிப் பிரித்தாலும் போதும். தேங்கு நீரில் அவ்வாறன்று. மருந்து நீருடன் நடக்கும். ஒரு மடையிலிருந்து மறு மடைக்கு நீர் வழிந்தோடும் வயலில் எத்தனை சிறந்த திட்டமும் பயனற்றதாகும். எனவே ஒவ்வொரு பாத்திக்கும் உயர்ந்த வரப்பும், தனி வாய்க்காலும், தனி வடிகாலும் வேண்டும். நண்டு வளைகளைச் சேறு கொண்டு அடைப்பதும் பரிசோதகரின் கடமையே. ஆராய்ச்சி அறிக்கைகள் இதைக் குறிப்பிடுவது அரிது.

தமிழ்நாட்டுப் பரிந்துரைப்படி, பூட்டாக்குளோர் ஹெக்டேருக்கு 1.25 கிலோ செயற்பொருள், நட்ட மூன்றாம் நாள், 50 கிலோ உலர்ந்த மணலில் கலந்து தூவ வேண்டும். வயலில் மெல்லிய நீர்ப்படலம் இருத்தல் அவசியம். இரண்டு நாட்களுக்கு நீரை வடிக்கவோ புதிதாய்ப் பாய்ச்சவோ கூடாது. 50 சதவீதக் குழம்பு மருந்தாயின் ஹெக்டேருக்கு 2.5 லிட்டர் ஆகும். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள பாத்திக்கு இதைக் கணக்கிடுமாறு ஆசிரியர்கள் மாணவரைக் கேட்கலாம். விடை 5 மில்லி லிட்டர் மருந்து, 100 கிராம் மணல். ஒரு மில்லி லிட்டர் கூடினால் அளவு 20 சதவீதம் பிழைத்துவிடும்! மருந்து கையாளுவதைக் கையுறை அணிந்த அலுவலரே செய்க. மாணவர் கணக்கோடு நிற்க.

ஒப்பிடுவதற்குக் களையெடுக்காத பாத்தியும், கையால் முற்றிலும் களையெடுத்த பாத்தியும் இன்றியமையாதவை. ஒவ்வொன்றையும் மூன்று நான்கு முறை, இடம் மாற்றிச் சீட்டெடுத்து அமைக்க வேண்டும். அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து அதனுள்ளிருக்கும் களைகளைப் புல், கோரை, அகன்ற இலை எனப் பிரித்து எண்ணி, உலர்த்தி எடை பார்ப்பர். களையெடுக்காத பாத்தியில் 80 கிராமும், மருந்திட்டதில் 20 கிராமும் இருப்பின் கட்டுப்பாடு 75 சதவீதம். எண்ணிக்கையை மட்டும் நம்பலாகாது. பத்துச் சிறு கோரையும் பருத்த ஒரு குதிரைவாலியும் சமமல்ல. நெல்லிலை மஞ்சளாதல், தூர் குறைதல் ஆகியவற்றையும் குறித்து, இறுதியில் விளைச்சலைக் காண வேண்டும். களை ஒழிந்தும் விளைச்சல் உயராத பாத்தி உண்டெனில் அங்கே மருந்து பயிரையும் தொட்டிருக்கக் கூடும்.

ஒரு பருவத்து வெற்றி போதாது. புல்லை மட்டும் அடக்கும் மருந்தை ஆண்டுதோறும் இட்ட வயலில் கோரையும் அகன்ற இலைக் களைகளும் பெருகுவதுண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில், புரோபனிலைப் பல்லாண்டு தெளித்த வயல்களில், 1990-களின் தொடக்கத்தில் அம்மருந்துக்கு மடியாத குதிரைவாலி உறுதி செய்யப்பட்டது. நெல்லைக் காத்த அதே வகை நொதி அப்புல்லிலும் மிகுந்திருந்தது. ஆகவே வெவ்வேறு முறையில் வேலை செய்யும் மருந்துகளை மாற்றி இடுவதும், கைக்களையோ கோனோ களைக்கருவியோ ஒரு முறையேனும் கையாளுவதும் நலம்.

வடிகாலின் மறுமுனையையும் நோக்க வேண்டும். பூட்டாக்குளோர் மீன்களுக்கு நஞ்சு. 2020-இல் மத்திய அரசு தடைசெய்யக் கருதி வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் அதுவும் இருந்தது; 2023-இல் வந்த தடை ஆணையில் இடம்பெறவில்லை. இரண்டு நாள் நீர் தேக்கவேண்டும் என்ற விதி களைக்காக மட்டுமல்ல, கீழ்மடைக் குளத்துக்காகவும் கைக்கொள்ளத்தக்கது. மருந்திட்ட அன்றே கனமழை பெய்து வரப்பு உடைந்தால், அந்தப் பாத்தியின் கணக்கை நீக்கிவிட்டு, உடைப்பு எங்கே நேர்ந்ததென்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதே முறை.